கை படக்கூடாது

கராஜில் கார் நிற்பதில்லை.
பழைய அலமாரியின் இரண்டு கதவுகளை
நீளவாக்கில் முடுக்கித்
தண்டவாளம் போட்டிருக்கிறேன்.
அறுபத்து நான்கில் ஒரு பங்கு ஜேக்கப்ஸ்:
காகித ஆலை, மாவு ஆலை, பெயின்ட் கம்பெனி,
பாகு இறக்க ஒரு குழாய்.
மலை இல்லை. குகை இல்லை.
பயணி ஒருத்தர்கூட இல்லை.

"சுற்றி வராதா?" என்றாள் தங்கை,
பார்த்த முதல் நாள்.
வராது. சுற்றி எங்கே போகவேண்டும்?
ஒரு முழம் முன்னே, அரை முழம் பின்னே,
அதற்குள் ஒரு ராத்திரி கொள்கிறது.

வியாழன் ஏழு மணிக்கு
பூபாலன் மூட்லி பிஸ்கட் டின்னோடு வருவார்.
ம்தோகோசிசி வெறுங்கையோடு.
இருபத்தாறு வருஷம் நிஜ யார்டில் ஷன்ட்டிங் பார்த்தவர்.
என் பொம்மை வண்டிகளுக்கு நடுவிலும்
விரலை விடமாட்டார்.

சீட்டைக் கலைத்துப் போடுகிறேன்.
எட்டு வண்டியில் ஐந்து,
விழுந்த வரிசையில்தான் கோர்க்கவேண்டும்.
இழுவைத் தடத்தில் என்ஜினோடு மூன்றுதான் அடங்கும்.
நாலாவதைச் சேர்த்தால்
கடைசிச் சக்கரம் பாயின்ட்டை மிதித்து நிற்கும்,
கடனுக்கு வந்தவன் வாசற்படியில் நிற்பதுபோல.

கொக்கியைப் பிரிக்க ஓர் ஈர்க்குச்சி,
விளக்குமாற்றில் உருவி நுனி சீவியது.
இடையில் விட்டு அரைத் திருகு.
கை படக்கூடாது. சட்டம் அது ஒன்றே.

மூன்று வருஷக் கணக்குநோட்டில் நான் கண்டது:
சீட்டில் பேர் வந்த வண்டி
ஒரு தடவை நகர்கிறது, இரண்டு தடவை நகர்கிறது.
யாரும் கேட்காமல்
வழியில் நிற்கிற வண்டி
ஒன்பது தடவை.

படித்துக் காட்டினேன்.
"எங்க அப்பாவைச் சொல்றே" என்றார் பூபாலன்.
கேட்டோ மேனர், கிளேர்வுட், அப்புறம் இந்த மெர்பேங்க்.
சிரித்தார்.
பிஸ்கட்டைத் தேநீரில் அதிக நேரம் வைத்திருந்தார்,
உடைந்து விழுந்தது.

எட்டு மணிக்கு லோட்ஷெடிங்.
தெரு முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது.
என்ஜின் பாயின்ட்டின் மேல்,
முன்னால் இரண்டு மாவு வண்டி.

போன் வெளிச்சத்தில் தள்ளிவிடலாம்.
யாரும் தள்ளவில்லை.
இருட்டிலேயே வாயால் ஆடினோம்:
பின்னே வா, இரண்டைக் கழற்று,
ஒன்றாம் தடத்துக்குத் தட்டு,
பாகுத் தொட்டியை இழு.
"தொட்டி ஒன்றில் இல்லை, மூன்றில்" என்றார் ம்தோகோசிசி.
"மூன்றில் நிற்பது காகிதக் கூழ்" என்றார் பூபாலன்.
நான் இரண்டு என்றேன்.
சத்தியம்கூடச் செய்தேன்.
பத்து மணி வரை
மூன்று ஜேக்கப்ஸ் ஓடின அந்தக் கராஜில்,
ஒன்றிலும் விபத்தில்லை.

கரண்ட் வந்தது.

வேகத் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராதது நான்தான்.
விட்ட இடத்திலிருந்து என்ஜின்
ஒன்றுமே நடக்காததுபோல் தள்ளிக்கொண்டு போனது,
மாவு ஆலைத் தடத்தின் கடைசி வரை.
அங்கே நின்றது பாகுத் தொட்டி.
நாங்கள் மூவரும் சொல்லாத நாலாவது இடம்.
முட்டுக்கட்டையைத் தாண்டி,
பலகையைத் தாண்டி,
பிஸ்கட் டின் மூடியில் பட்டு
சிமென்ட் தரை.

எனக்கு முன்னால் குனிந்து எடுத்தவர் ம்தோகோசிசி.
தரையில் கிடப்பதற்கு
அந்தச் சட்டம் செல்லாது என்று
அவரே தீர்ப்பும் சொன்னார்.
கண்ணருகே பிடித்துப் பார்த்து
வெற்றுச் சீட்டு ஒன்று கேட்டு எழுதினார்:
கொக்கி வளைவு. பணிமனைக்கு.

பணிமனை இல்லையே என்றேன்.
பெயின்ட் டப்பாக்களை நகர்த்திவிட்டு
பூபாலன் சாணால் அளந்துகொண்டிருந்தார்.
"இரண்டு வண்டி நிற்கும்.
ஒரு பாயின்ட் வாங்கணும்."
"இடது கையா, வலது கையா?"
"இரு, யோசிக்கிறேன்."

பத்தே முக்கால்.
மாவு இன்னும் ஆலைக்குப் போய்ச் சேரவில்லை.
ஈர்க்குச்சியைத் தேடினேன்,
காதில் செருகியிருந்தது.