முடிவுகள் எதுவுமில்லை

முகப்பில் யாருடைய படம் வருவதென்று
மூன்று கூட்டம் நடந்துவிட்டது.
தலைவர் சிரிக்கும் படம் போதுமென்றார் டெனிஸ் புஷார்.
நான் நீலத்தை இன்னும் கொஞ்சம் வெளிறவைத்தேன்.
வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
எங்கள் கம்பெனி விற்பதோ
உறையவைத்த பட்டாணி.

பொத்தான்களை எங்கே வைப்பதென்று தெரியாதபோது
பழைய தளத்தின் தேடல் பதிவை இறக்குவேன்.
யார் தட்டியது என்று அதில் இராது,
நேரமும் சொல்லும் மட்டும்.
சம்பளச் சீட்டைப் பதினான்கு விதமாய்ப் பிழைவிட்டிருக்கிறார்கள்.
ஷிஃப்ட் மாற்ற. கையுறை பெரிய சைஸ்.
இரண்டாம் மாடி மைக்ரோவேவ் யார் பொறுப்பு.
தலைவரின் செய்தியை
ஒரே ஒருவர் தேடியிருக்கிறார். அது நான்,
வேலை செய்கிறதா என்று பார்த்தது.

பிறகு, பெப்ரவரி ஒன்பது,
விடியப்புறம் மூன்று பன்னிரண்டு:
துக்க விடுப்பு.
மூன்று பதின்மூன்று:
துக்க விடுப்பு யார் யாருக்கு.
மூன்று பதினாறு,
ஆங்கில எழுத்தில், ஒரு எம் குறைய:
பெரியம்மா.

முடிவுகள் எதுவுமில்லை.
ஒருவேளை நீங்கள் தேடியது: பெர்மிட்.

படிவத்தில் ஐந்து உறவு உண்டு,
அம்மா அப்பா துணை பிள்ளை சகோதரம்.
ஆறாவது 'மற்றவை'. அதைத் தொட்டால்
மேலாளர் அனுமதி, ஒரு நாள், சம்பளமில்லை.
அந்தப் பெட்டியின் மூலைகளை வளைத்து
அழகாக்கியவள் நான்தான்.

இரவு ஷிஃப்டில் நூற்றுநாற்பது பேர்.
யாரென்று தோண்டலாம். தோண்டவில்லை.
சாப்பாட்டு அறை வரிசையில் மட்டும்
முகங்களை ஒரு சுற்று அதிகமாய்ப் பார்த்தேன்.
யாரைத் தொலைத்தாய் என்றான் ஆர்னெல்.
உங்கள் மொழியில் அம்மாவின் அக்காவுக்கு என்ன?
டீட்டா.
அவள் செத்தால்?
ஒன்பது இரவு ஜெபம், என்றான்,
சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி.

டெனிஸிடம் சொன்னேன்.
ஆன்ட்டிதானே என்றார்.
இல்லை என்று தொடங்கி
'பெரிய'வில் வந்து நின்றுவிட்டேன்.
பிக் மதர் என்றேன், வேறு வழியில்லாமல்.
சிரித்தார். நல்ல மனிதர்.
கொள்கையை அடுத்த காலாண்டில் பார்ப்போம்.

கொள்கை என் கையில் இல்லை.
என் கையில் இருப்பது ஒத்தசொல் பட்டியல்:
பேஸ்லிப் என்றால் சம்பளச் சீட்டு,
வெக்கேஷன் என்றால் விடுப்பு.
வெள்ளி மாலை கடைசி வரிக்குக் கீழே
இன்னொரு வரி அடித்தேன்.
பெரியம்மா என்றால் அம்மா.
ஒரு எம், இரண்டு எம், இரண்டு விதமாகவும்.
சின்னம்மாவையும் போட்டேன்.
டீட்டாவில் விரல் கொஞ்சம் நின்றது,
போட்டேன்.

வெளியீடு திங்கள் காலை ஆறுக்கு.
அந்த ஆளுக்கு அது பிந்திப்போன திங்கள்.

பார்க்கிங்கில் எஞ்சின் சூட்டு வயரைக்
கழற்ற மறந்து காரைப் பின்னால் எடுத்தேன்.
கொஞ்ச தூரம் அது
என்னைப் பிடித்துப் பார்த்தது.