பதிவில் இல்லாதது

டொலிடோ, மூன்றாம் எண் அறை.
புதிய சட்டப்படி இனிக் கைதி வர வேண்டாம்,
திரை போதும். ஆளுக்கு நான்கு நிமிடம்.

டெஸ்மண்ட் ப்ரூவிட். கடைத் திருட்டு.
பிணை ஆயிரத்து ஐந்நூறு டாலர்.
ஏதாவது சொல்ல வேண்டுமா?

சொன்னான்.
சிறைப்பக்கத்து மைக்கை
யாரும் திறந்துவிடவில்லை.
காதில் விழுவதை அடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
‘பதில் இல்லை’ என்று அடித்தேன்.
அடுத்த வழக்கு.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.
சத்தமில்லாமல் உதட்டால் பேசியே
வளர்ந்தோம் இருவரும்.

நாய், என்றான் டெஸ்மண்ட்.
வெள்ளிக்கிழமையிலிருந்து
சமையலறையில் கட்டிக் கிடக்கிறது,
யாராவது அவிழ்த்துவிடுங்கள்.

இன்று செவ்வாய்.
கோப்பில் முகவரி இருக்கிறது,
அதை நான் பயன்படுத்தக் கூடாது.

டார் தெரு. இரண்டாம் மாடி. பின்வாசல்.