ஆறரை மணிக் குருவி

பகாவ் சந்தைக்குப் பின்னால்
முதலில் சீன ஓபரா. அப்புறம் பங்சாவான்.
சம்பளச் சனிக்கிழமை மட்டும்
தோட்டத்து லாரிகளில் வந்திறங்கிய
எங்கள் நாடகம்.

ராஜபார்ட் அங்கமுத்து
விடிந்ததும் பெரட்டில் நின்றான்,
காதோரம் கழுவாத அரிதாரத்தோடு.
கிராணி பேர் கூப்பிட்டபோது
யாரையோ என்று பேசாமலிருந்தான்.
அரைநாள் கூலி போயிற்று.

பிறகு சினிமா. பிறகு பூட்டு.
ஆ கௌ ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்து
கூரையில் ஒலிபெருக்கி கட்டினான்.
பதினோரு வருஷம்
பதிவு செய்த குருவி கத்த
நிஜக் குருவிகள் வந்து கூடு கட்டின.
திரைக்கம்பியில்தான் விளைச்சல் அதிகமாம்.

இப்போது கலையரங்கம்.
எச்சம் சுரண்டிய தரை, ஏர்கோன்.
எனக்கு விளக்கு வேலை.

ஆறரைக்கு, ஒத்திகை நடுவே,
எந்த ஓட்டையிலோ
ஒன்று நுழைந்துவிடுகிறது.
கம்பியைத் தேடி மூன்று சுற்று.
பாட்டு நிற்கவில்லை.
நான் வெளிச்சத்தை
ராஜாவிடமிருந்து
கொஞ்சம் மேலே நகர்த்துகிறேன்.