நாலடி இரண்டங்குலம்

முதல் வரைபடத்தில் கூரை படகு மாதிரி இருந்தது.
மீனவர் ஊர் என்றால் படகுதானே என்று
எங்கள் குழுவில் ஐந்து பேரும் நினைத்திருந்தோம்,
ஐந்து பேரும் தனித்தனியாக.
சுவரில் சிப்பி, தரையில் அலை,
வாசலில் நங்கூரம், தெர்மோகோலில்.

புதுச்சேரியிலிருந்து முதல் பஸ் பிடித்து
கடலூர் முதுநகரில் இறங்கினோம்.
கழுத்தில் அடையாள அட்டை, பையில் டேப்,
கேள்வித்தாளில் முப்பத்திரண்டு கேள்விகள்.
'உங்கள் பண்பாட்டு அடையாளமாக எதைக் கருதுகிறீர்கள்?'
பதினேழாவது. நான் எழுதியது.

ஏலத்தில் வைத்த கண்ணை எடுக்காமல்
அஞ்சலாட்சி கேட்டார்: "அப்படின்னா?"
விளக்கினேன்.
விளக்கி முடிப்பதற்குள்
இரண்டு கூடை சங்கரா கைமாறியிருந்தது.
"நாத்தம்னு எழுதிக்க."
சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.
வேறு என்ன செய்வதென்று தெரியாமல்
எழுதிக்கொண்டேன்.

அன்னக்கூடையோடு பஸ் படியில் கால் வைத்தால்
கண்டக்டர் கை முதலில் மூக்குக்குப் போகும்,
பிறகுதான் விசிலுக்கு.
ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால்
அன்றைக்கு லாபம் அதிலேயே போய்விடும்.
ஆகவே நடை, மஞ்சக்குப்பம் வரை.
ஐஸோடு சேர்த்து இருபத்தெட்டு கிலோ.
துறைமுகத்தில் தூக்கிவிட ஒரு கை கிடைக்கும்.
நடுத்தெருவில்?
"எறக்குனா ஏத்திவிட ஆள் வேணும்.
அதனால எறக்கறதே இல்ல."
"ஒண்ணுக்கு வந்தாக்கூடவா?" என்றாள் ஃபர்ஹானா.
அந்தக் கேள்வி
முப்பத்திரண்டில் இல்லை.

வரிசையாக நிற்கச் சொல்லி அளந்தோம்,
தரையிலிருந்து தோள் வரை.
செருப்போடவா, கழட்டிட்டா?
போட்டோவுக்கு நிற்பதுபோல்
வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார் பாக்கியவதி.
குள்ளமென்று எழுதாதே என்று ஒருவர் மிரட்டினார்.
பத்தொன்பது பெண்கள். கூட்டி வகுத்தால்
நாலடி இரண்டங்குலம்.

அந்த உயரத்தில் ஒரு பலகைக் கல் இருந்தால் போதும்.
பாரத்தை அப்படியே சரித்து வைக்கலாம்,
குனிந்து தலையைக் கொடுத்து
யாரையும் கூப்பிடாமல் எடுத்துக்கொள்ளலாம்.
புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த குஷியில் இருந்தோம்.
கதிரொளிதான் கெடுத்தான்:
எங்க ஊர் ஏரிக்கரையில இருக்குடா,
ரெண்டு கால், மேலே ஒரு கல்.
வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்காக நட்டதாம்.
இப்ப அதுல கண்ணீர் அஞ்சலி ஒட்டுறாங்க.

கடைசியில் எங்கள் திட்டம் இதுதான்:
மஞ்சக்குப்பம் திருப்பத்தில் மூன்று கல்,
காகத்துக்கு மேலே ஒரு வலை,
கை கழுவ, கால் கழுவ ஒரு குழாய்,
ஒரு கழிப்பறை.
அதன் கதவுக்குக் கீழே ஒன்றரைச் சாண் இடைவெளி,
உள்ளே போனவருக்குத் தன் கூடை தெரிவதற்கு.

தேர்வாளர் மாதிரியைச் சுற்றி ஒருமுறை வந்தார்.
"கட்டடம் எங்கே?"
வாசற்படி இல்லாததை, முகப்பு இல்லாததைக் காட்டி
அடையாளம் எங்கே என்றார்.
பதினேழாம் கேள்விக்கு எழுதிய பதில்
நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லவில்லை.
எங்களுக்கு பி. பக்கத்துக் குழுவுக்கு ஏ,
அவர்கள் கூரை படகு.

மாதிரியைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்
அஞ்சலாட்சியிடம் காட்டினோம்.
சுண்டு விரலால் கல்லை அழுத்திப் பார்த்தார்.
அரை அங்குல மனுஷிகளை எண்ணினார்.
"உயரம் சரி. இடம்தான் தப்பு."
மாசி மகத்துக்குச் சாமிகள்
தேவனாம்பட்டினம் போகிற வழியாம் அது.
ரெண்டு பக்கமும் தண்டு தூக்கி வர்றவங்க
வளைஞ்சு திரும்பணுமே,
உங்க கல்லுல இடிச்சா?

திட்ட அறிக்கை கொடுத்து ஒரு மாதமாகிறது.
மதிப்பெண் வந்துவிட்டது, கல்லூரிக்கு விடுமுறை.
நகராட்சி, மனுவைப் பெற்றுக்கொண்டதாக
ஒரு சீட்டு மட்டும் கொடுத்திருக்கிறது.
அறையில் மின்விசிறி தாளைத் தூக்குகிறது.
நான்கு மூலையிலும் செல்லோடேப் ஒட்டி
மூன்று கற்களையும் அழித்துவிட்டு
மறுபடி போடுகிறேன்,
சாமிக்கு வழி விட்டு,
ஐந்தடி கிழக்கே.