எட்டாவது எபிசோடு

ஷட்டரை உள்ளே இறக்கிவிட்டு
இரவு இரண்டு மணிக்கு அதைப் பார்ப்பேன்.
இடது திரையில் கண்ணீர் அஞ்சலி,
வலது திரையில் ஜப்பான்காரப் பேய்கள்.
வண்ணார்பேட்டைக்கே கேட்கிற மாதிரி
அச்சு மெஷின் போய்ப் போய் வரும்.

அந்தத் தொடரில் உயிரோடிருப்பவர்களுக்கு
நீர்வண்ணம்.
ஓரம் கசிந்து ஒருவர் மேல் ஒருவர் படிவார்கள்.
செத்தவர்களுக்குக் கத்தரிக்கோல்.
பழைய ரசீது, மாத்திரை அட்டை, ரயில் நேர அட்டவணை
கிழித்து ஒட்டிய உடம்பு.
நடந்தால் உடம்பு நகரும்,
சட்டையிலுள்ள பூ நகராது.
ஆள் அளவுக்கு ஓட்டை போட்டு
அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்ப்பது மாதிரி.

"கிறுக்குப் பயலுவ. துட்டு தீந்துபோச்சு போல"
என்றான் இசக்கிதுரை, லேமினேஷன் மேசையிலிருந்து.

எட்டாவது எபிசோடில் நிஜமாகவே
ஒரு நிமிஷம் வெறும் வெள்ளைத் தாள்.
பென்சிலில் ஓர் அம்புக்குறி, கீழ்நோக்கி.
அடியில் சப்டைட்டில்:
இங்கே மழை.
சத்தம் மட்டும் பெய்கிறது.
இசக்கிதுரை எழுந்து போய்
வெளியே காயப்போட்டிருந்த ஃப்ளெக்ஸைத்
தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

சாயங்காலம் தாழையூத்திலிருந்து வந்த பிள்ளையிடம்
அண்ணன் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.
மாசானமுத்து. சிமெண்ட் லாரி. முப்பத்தொன்று.
யார் கல்யாணத்திலோ எடுத்தது.
கூட நின்ற பதினொரு பேரையும் வெட்டியாயிற்று,
முடியை இழை இழையாகப் பிரித்தாயிற்று,
பின்னால் வழக்கமான வானம்,
வழக்கமான இரண்டு புறா.
இடது தோளில் மட்டும் நாலு விரல் மிச்சம்.
மணிக்கட்டோடு முடிந்துபோன கை.

சட்டைக் கட்டத்தைக் காப்பியெடுத்து
மேலே பூசினால் அரை நிமிஷ வேலை.
பூசினேன்.
தோள் இறங்கிப்போனது.
திரும்ப வைத்தேன்.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.
பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை
யாரோ ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.
"தோள்ல யாரு கைம்மா அது?"
"தெரியலையே.
இங்க ஒருத்தருக்கும் தெரியல."
அந்த நிமிஷமும் வெள்ளைத் தாளாக ஓடியது.
"இருக்கட்டும். எடுத்துராதீய."

விடியுமுன் ரயில்வே கேட் பக்கம்
கம்பு நட்டுக் கட்டினோம்.
காற்று கிழித்துவிடாமலிருக்க
இசக்கிதுரை பிளேடால் அரைவட்டமாகக் கீறினான்:
வானத்தில் ஐந்து, ஒரு புறாவில் ஒன்று,
சட்டையில் ஒன்று.

முதல் பஸ் தூசியோடு கடந்தபோது
கீறல்கள் எல்லாம் ஒருசேர வாய் திறந்தன.
சட்டை உப்பி, அடங்கியது.
விரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"கீழ இன்னொரு முடிச்சு வேணும்" என்றான்.
கயிற்றை எடுக்க வண்டிக்குப் போனவன்
பாதியில் நின்று
திரும்பிப் பார்த்தான்.