தானே திரும்பும்

இரண்டாயிரத்து மூன்று, வைகாசி. சமாதானம் இருந்த காலம்.
டச்சுக்குடாவைப் பார்த்த விடுதி மண்டபத்தில்
பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு டெக்,
கொழும்பிலிருந்து லாஃபிர் கொண்டுவந்த கசெட்.
எனக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்:
படத்தில் பேசுவதை உடனுக்குடன் தமிழில் சொல்லவேண்டும்.

படம் எட்டு வருசப் பழசு. பச்சை கொஞ்சம் நீலித்திருந்தது.
வேலி இல்லாத வீடு. மாடு வராத புல்.
வெள்ளைக்காரர் ஒருவர் சாய்கதிரையில் உறங்க
ஆமை மாதிரி ஒன்று, முதுகில் வெயில் குடிக்கும் தகடு,
அவர் காலடிவரை வந்து
யோசித்து
திரும்பிப் போகிறது.
"எண்ணெய் வேண்டாம், ஆள் வேண்டாம்" என்றேன்.
பின்வரிசையில் கதிராமத்தம்பி இருமினார்.
இருபத்தொரு வருசம் அந்த விடுதியின் புல்லுக்கு
அவர்தான் ஆள்.

பிறகு ஒரு நாய். பியானோ.
பூப்பாத்தி ஓரத்தில் மெஷின் நிற்பதை
மூன்று தடவை காட்டினார்கள், மெதுவாக,
கோல் போட்டதைத் திருப்பிக் காட்டுகிறமாதிரி.
இதற்கு மேல் போகக்கூடாதென்று அதற்கு எப்படித் தெரியும்?
பதில் அடுத்த காட்சியில்:
மஞ்சள் சட்டைப் பெண், வெறுங்கால்,
சின்ன மண்வெட்டியால் புல்லைக் கீறி
கம்பியொன்றை மண்ணுக்குள் விட்டு
குதிக்காலால் மிதித்து மூடுகிறாள்.
சிரித்துக்கொண்டு. கீழே பார்க்காமல்.

புதையுங்கள் என்று வாய்வரை வந்தது.
பதியுங்கள் என்றேன்.
எழுதிப் பார்த்தால் இரண்டெழுத்து வித்தியாசம்.
மண்டபத்தில் ஒருத்தரும் அசையவில்லை.
கதிராமத்தம்பி மட்டும்
இரண்டு கால்களையும் தூக்கிக்
கதிரைக்கு மேல் வைத்துக்கொண்டார்.
லாஃபிர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
சத்தத்தைக் கூட்டினார்.

"ஆர் புதைச்சதெண்டு அந்த மெஷினுக்குத் தெரியுமோ?"
திரையைப் பார்த்துத்தான் கேட்டார்.
திரை, கவலையற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச்
சொல்லிக்கொண்டிருந்தது.
நான் வாங்கிய காசுக்கு அதை மொழிபெயர்த்தேன்.

கரண்ட் போனது.
மெஷின் பூப்பாத்தியை முகர்ந்தபடியே கறுத்துப்போனது.
யாரோ யன்னலைத் திறந்தார்கள்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள், ஆறோ ஏழோ,
விடுதிப் புல்லை வரிசையில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன.
ஒன்றின் கொம்பில் ஷொப்பிங் பை.
முதலாளி நவரட்ணராசா விலை கேட்டார்.
லாஃபிர் சொன்னார்.
முதலாளி வெளியே திரும்பி
மான்களை எண்ணத் தொடங்கினார்.

கசெட்டை லாஃபிர் திருப்பிக் கேட்கவில்லை.
அதைத் தனியே நாலைந்து தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன்,
அந்தப் பெண்ணுக்காக.
குதிக்கால் மண்ணில் இறங்கும் இடத்தில் நிறுத்தி,
மூச்சைப் பிடித்து, மறுபடி ஓடவிட்டு.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒவ்வொரு முறையும்
ஒன்றும் நடக்கவில்லை.