மாடியில் என்ன வாசனை

ஃப்ரிட்ஜை அணைத்தால்தான் வாஃபிள் கல் சூடாகும்.
இரண்டும் சேர்ந்தால் ஃப்யூஸ் போகும்,
ஃப்யூஸ் போனால் கீழ்வீட்டுக் கதவு திறக்கும்.

புனேவுக்கு மாற்றலாகிப் போன மிருதுளா
விட்டுப்போன சாமான் இது.
கையேடு கிடையாது. சொல்லிவிட்டுப் போனது ஒரே வரி:
பச்சை விளக்கு எரிகிறவரை
உயிரே போனாலும் திறக்காதே.

ஞாயிறு காலை, ஆறே முக்கால்.
மேற்கு மாம்பலத்தில் லாரித் தண்ணீர் வந்து
குடங்கள் சண்டை போட்டு ஓய்ந்த நேரம்.
நான்கு ஆப்பிளில் ஒன்று பக்கவாட்டில் அடிபட்டிருக்கிறது.
அதைத்தான் எடுக்கிறேன்.
நல்லதை நறுக்க மனசு வரவில்லை, கிலோ இருநூற்று நாற்பது.
ஸ்டிக்கரைப் பிய்த்துக் குழாயடிச் சுவரில் ஒட்டுகிறேன்.
அங்கே ஏற்கனவே பதினொன்று.

தோலோடு பொடியாக நறுக்கி
வெண்ணெயில் போட்டால்
முதலில் அடம் பிடிக்கும், அப்புறம் தண்ணீர் விடும்.
சர்க்கரை. ஒரு கல் உப்பு.
பட்டையை இடிக்க உரல் இல்லை.
பால் கவரில் சுருட்டி,
சத்தம் கீழே இறங்காமல் தலையணைமேல் வைத்து,
பூரிக்கட்டையால் நாலு அடி.
டீ வடிகட்டியில் சலித்தால்
செம்மண் மாதிரி ஒரு ஸ்பூன் விழுகிறது.

பிறகு, அது.
தெருமுனை அண்ணாச்சியும் விற்கிறார்தான்,
ஆனால் கடைக்கு நேர் எதிரில் பத்மாசனி மாமியின் பால்கனி.
அதனால் தி.நகரில் வாங்கி
டிபன் பாக்ஸுக்குள் காலுறை சுற்றி
துரைசாமி சுரங்கப்பாதை வழியாக
நடத்திக் கூட்டிவந்த ஒன்று.
கிண்ண விளிம்பில் தட்டும்போது
இருமுகிறேன்.
ஓடு, நாளைக்குக் கைப்பையில் ஏறி
நந்தனம் ஆபீஸ் குப்பைக்குப் போகும்.
வாடகைப் பத்திரத்தில் இதெல்லாம் இல்லை.
சாவி தரும்போது வாயால் கேட்டதுதான்:
"சமையல் நம்ம மாதிரிதானேம்மா?"
ஆமாம் மாமி என்றேன்.
அட்வான்ஸ் அதற்கு முன்பே கைமாறியிருந்தது.

மைதா, பால், மொறுமொறுப்புக்கு ஒரு கரண்டி அரிசிமாவு.
ஊற்றி மூடினால்
கல் பெருமூச்சு விடுகிறது.
ஆப்பிள் மெதுவாகத்தான் எழும்.
பட்டை அப்படியில்லை.
பட்டைக்குப் படிக்கட்டு தெரியும்.

"ஜெசிந்தா, மாடில என்ன வாசனை?"

நைட்டிமேல் துண்டு, கையில் பாதி படித்த பேப்பர்.
சந்தேகப்பட்ட சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை,
மூக்கால் கேட்கிறார்.
"ஆப்பிள், மாமி."
"ஆப்பிளுக்கு எதுக்கு பட்டை?"

அவர் மூக்கைக் குறை சொல்ல முடியாது.
தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலும் பட்டை என்றால்
பூசை முடிந்து வரும் பசி, கறிக்குழம்பு, ஞாயிறு மத்தியானம்.
எனக்கே இன்னும் பழகவில்லை.

பச்சை விளக்கு.
திறக்கிறேன். பொன்னிறத்தில் கட்டம் கட்டமாக,
ஓரத்தில் சர்க்கரை கறுத்து.
"கணக்கு நோட்டு மாதிரி இருக்கே" என்கிறார்.
அடுத்த கரண்டியை ஊற்றி மூடிவிட்டு
வெந்ததைத் தட்டில் வைத்து நீட்டுகிறேன்.
யோசிப்பதற்குள் கை நீண்டுவிட்டது, அதுதான் தப்பு.
ஒரு முனையைப் பிய்த்து, சுட்ட விரலை உதறி,
மறுபடி எடுக்கிறார். வாய்க்கிட்டே போகிறது.

"மாமி. முட்டை இருக்கு."

குழாய் சொட்டுகிறது.
ஃப்ரிட்ஜும் ஓடாததால் வீட்டில் வேறு சத்தமே இல்லை.
அட்வான்ஸ் தொண்ணூறாயிரம்.

கையை இறக்கவில்லை அவர்.
வாயிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்தி
மூக்குக்கு நேரே பிடித்து
கண்ணை மூடுகிறார்.
ஒரு மூச்சு. அது முடிகிற இடத்தில் இன்னொன்று.
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது.

துண்டைத் தட்டிலேயே வைத்து
விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார்.
கல்லுக்குள் இரண்டாவது கருகிக்கொண்டிருப்பதை
இரண்டு பேருமே சொல்லவில்லை.

"தெருப்பக்க ஜன்னலைச் சாத்திக்கோ."

இரண்டு படி இறங்கி நின்று,
திரும்பாமல்:
"படிக்கட்டுப் பக்கம் இருக்கட்டும்."